எட்வர்ட் மர்ரோ: ஒரு குரலின் வரலாறு

அச்சேறிய சொல்லுக்கு ஒருவகை ஆட்சி உண்டு. காற்றேறிய சொல்லுக்கு வேறுவகை ஆட்சி உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் முதலாவதன் ஆட்சியிலிருந்து இரண்டாவதன் ஆட்சிக்குப் பெயர்ந்தது. 1933ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், வங்கிகளெல்லாம் மூடிக்கிடந்த வேளையில், குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வானொலி வழியே வீடுகளுக்குள் புகுந்து பேசினார். அஞ்சி எடுத்த பணத்தை மக்கள் மீண்டும் வங்கியில் கொண்டுபோய்ப் போட்டனர். அதே வானொலியில் மிச்சிகன் மாநிலத்துப் பாதிரியார் சார்லஸ் கோக்லின் வாரந்தோறும் இலட்சக்கணக்கானோரைத் தம் குரலால் கட்டிவைத்துப் பின்னர் அவர்களிடையே யூத வெறுப்பை விதைத்தார். கருவி ஒன்றே. அக்கருவியின் முன் நின்று செய்தி சொல்பவன் யாருடைய ஆள், அவன் சொல்லுக்கு யார் பொறுப்பு என்னும் வினாக்கள் அன்று எழுந்தவை. அவற்றோடு முப்பதாண்டுக் காலம் மல்லாடியவர் எட்வர்ட் ஆர். மர்ரோ. சில சமயம் வென்றார். சில சமயம் தாமே வழுக்கி விழுந்தார்.

வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ நகரை அடுத்த போல்கேட் ஓடைப் பகுதியில் 1908ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் எக்பர்ட் ராஸ்கோ மர்ரோ. குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த எளிய உழவர் குடும்பம். மின்விளக்கும் குழாய்நீரும் இல்லாத மரவீடு. மகன் சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் நாட்டின் மறுகோடியிலுள்ள வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. தந்தை மரம்வெட்டும் காடுகளுக்கான இருப்புப்பாதையில் வேலை பார்த்தார். தாய் எத்தல் கண்டிப்பானவர். இரவுதோறும் பிள்ளைகளை விவிலியத்தில் ஓர் அதிகாரம் உரக்க வாசிக்கச் செய்வார். அவருடைய அன்றாடப் பேச்சிலேயே பழைய ஆங்கிலத்தின் தலைகீழ் வாக்கிய அமைப்பும் வழக்கொழிந்த சொற்களும் விரவிக் கிடந்தனவாம். பிற்காலத்தில் உலகம் மர்ரோவின் நடை என்று போற்றியதில் பாதி அந்த அடுக்களையில் கேட்டது. எழுத்தைக் கண்ணால் படிப்பதற்கு முன் காதால் படித்த பிள்ளை அவர்.

மரம்வெட்டும் முகாம்களில் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தில் 1926ஆம் ஆண்டு புல்மன் நகரிலிருந்த வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். முகாம்களில் எக்பர்ட் என்னும் பெயர் கேலிக்கு இடமானதால் எட்வர்ட் ஆனார். கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசிரியை ஐடா லூ ஆண்டர்சன். இளமையிலேயே இளம்பிள்ளைவாதம் தாக்கி முதுகு வளைந்தவர், பேச்சுக்கலை கற்பித்தவர். ஒரு கவிதையை எங்கு நிறுத்தி, எங்கு மூச்சுவிட்டு, எச்சொல்லை அழுத்தாமல் விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவர் மணிக்கணக்கில் மாணவனுக்குப் பயிற்சி தந்தார். ஆண்டுகள் கழித்து மர்ரோ இலண்டனிலிருந்து பேசத் தொடங்கியபோது, தம் ஊர் வானொலியில் அதைக் கேட்ட அந்த அம்மையார், தொடக்கச் சொற்றொடரின் முதற்சொல்லுக்குப் பின் சற்றே நிறுத்துமாறு கடிதம் எழுதினார். அந்த ஒரு கண மௌனமே மர்ரோவின் முத்திரையாயிற்று. யாப்பில் அசைக்கும் அசைக்கும் இடையிலுள்ள ஓய்வு எத்துணை வேலை செய்யும் என்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. ஆசிரியை 1941ஆம் ஆண்டு காலமானார்.

கல்விக்குப்பின் மாணவர் கூட்டமைப்பின் தலைவராகவும், பன்னாட்டுக் கல்வி நிறுவனத்தின் துணை இயக்குநராகவும் பணியாற்றினார். இட்லரின் ஆட்சியில் பதவி பறிக்கப்பட்ட ஜெர்மானியப் பேராசிரியர்களை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் குடியமர்த்தும் குழுவின் வேலை அவர் தோளில் விழுந்தது. அதே நிறுவனம் மாஸ்கோப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு கோடைப் பள்ளி நடத்தவும் ஏற்பாடு செய்திருந்தது. இருபதாண்டுகள் கழித்து அந்தக் கோடைப் பள்ளி அவர்மீது வீசப்படும் கல்லாகும் என்று அன்று யாரும் எண்ணவில்லை. 1934ஆம் ஆண்டு ஜானெட் புரூஸ்டரை மணந்தார். மறு ஆண்டு சி.பி.எஸ். எனப்படும் கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனத்தில் சேர்ந்தார். பெயர் பெற்றவர்களை ஒலிவாங்கி முன் அழைத்து வந்து பேசச் செய்வதே அவர் வேலை, தாமே பேசுவதன்று.

1937ஆம் ஆண்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டபோதும் அதே வேலைதான். இசைக்குழுக்களையும் சொற்பொழிவாளர்களையும் தேடிப் பிடிக்கும் ஏற்பாட்டாளர் அவர். இலண்டனிலிருந்த அமெரிக்கச் செய்தியாளர் சங்கம் அவரைச் செய்தியாளராக ஏற்க மறுத்து உறுப்பினர் உரிமை தரவில்லை. பின்னொரு நாள் அச்சங்கத்தின் தலைவரே அவர்தாம்.

ஏற்பாட்டாளரைச் செய்தியாளராக்கியது ஆஸ்திரியாவின் வீழ்ச்சி. 1938ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தபோது மர்ரோ போலந்தில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டுக்காகப் போயிருந்தார். வியன்னாவில் இருந்த அவருடைய உடன்பணியாளர் வில்லியம் ஷைரருக்கு ஒலிபரப்ப அனுமதி கிடைக்கவில்லை. ஷைரரைத் தணிக்கையற்ற இலண்டனுக்குப் பறக்கச் சொல்லிவிட்டு, மர்ரோ பெர்லின் சென்று ஒரு பயணி விமானத்தைத் தனி ஒருவராக வாடகைக்குப் பிடித்து வியன்னாவில் இறங்கினார். மார்ச் 13ஆம் நாள் இலண்டன், பாரிஸ், பெர்லின், ரோம், வியன்னா ஆகிய நகரங்களின் நிலவரம் ஒரே நிகழ்ச்சியில் அமெரிக்க வீடுகளில் ஒலித்தது. இன்று எந்த நாட்டு வானொலியும் அன்றாடம் செய்யும் இச்செயல் அன்று ஓர் அற்புதம்.

1940ஆம் ஆண்டின் பிற்பாதியில் ஜெர்மன் விமானங்கள் இலண்டன்மீது குண்டு பொழிந்தன. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. போர் வேண்டாம் என்னும் உணர்வே நாட்டில் மிகுந்திருந்தது. அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகப் பறந்து கடந்த வீரரான சார்லஸ் லிண்ட்பெர்க் அதே வானொலியில் தோன்றி ஐரோப்பியச் சண்டையிலிருந்து விலகி நிற்குமாறு நாட்டை வேண்டிக்கொண்டிருந்தார். செய்தியாளர் சார்பெடுக்கக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. மர்ரோ போரில் சேருங்கள் என்று ஒருபோதும் சொல்லவில்லை. தாம் கண்டதை மட்டும் சொன்னார். ஆனால் எதைக் காண்பது, எதைச் சொல்வது என்னும் தேர்விலேயே ஒரு சார்பு உண்டு என்பதைச் சொல்லோடு பழகியவர் யாவரும் அறிவர். மர்ரோவும் அறிந்தே இருந்தார்.

அவர் தேர்ந்தவை பேரழிவின் பெரிய காட்சிகளல்ல. 1940ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் இரவு டிரபால்கர் சதுக்கத்தருகே ஒரு தேவாலயப் படிக்கட்டில் நின்றுகொண்டு, விமானத் தாக்குதலின் எச்சரிக்கைச் சங்கு ஊதும்போது ஒலிவாங்கியை நிலத்தருகே வைத்தார். பதுங்கிடத்தை நோக்கிச் செல்லும் மக்களின் காலடியோசை அமெரிக்காவின் பண்ணை வீடுகளில் கேட்டது. அக்காலடிகள் ஓடவில்லை; நடந்தன. வீரத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினாலும் வராத பொருள் அந்த ஓசையில் வந்துவிட்டது. அக்கால நிறுவனங்கள் பதிவு செய்த ஒலியைப் பயன்படுத்தத் தடை விதித்திருந்தமையால் எல்லாம் நேரடி. பிசகினால் திருத்த வழியில்லை. மாடிக் கூரையில் நின்று தாக்குதலை நேரே விவரிக்க அதிகாரிகள் முதலில் இசையவில்லை. வெகுவாக மன்றாடியபின் செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. கடைவீதியில் உடைந்த கண்ணாடி, சன்னலோரத்தில் ஒரு தொட்டிச் செடி, தேநீர் வரிசை என்று சிறியவற்றைப் பெயர்ச்சொற்களால் சொல்லிக்கொண்டு போவார். பெயரடைகளைக் கிட்டத்தட்ட விரதமாகவே விலக்கினார்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் நியூயார்க்கில் அவருக்கு நடந்த பாராட்டு விருந்தில் பேசியவர்களுள் ஒருவர் கவிஞர் ஆர்ச்சிபால்ட் மெக்லீஷ். அப்போது நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர். தொலைவில் நடப்பது நமக்கு நடப்பதன்று என்னும் மூடநம்பிக்கையை மர்ரோ அழித்துவிட்டார் என்பது அவருடைய பாராட்டின் சாரம். கவிஞர் ஒருவர் செய்தியாளரைத் தம் இனத்தவராகக் கண்டுகொண்ட இடம் அது. ஐந்தாம் நாள் ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. அன்றிரவு மர்ரோ தம்பதியர் வெள்ளை மாளிகையில் உணவுக்கு அழைக்கப்பட்டிருந்தனர். நள்ளிரவுக்குப்பின் ரூஸ்வெல்ட் அவரைத் தனியே அழைத்து, மூழ்கிய கப்பல்களையும் தரையிலேயே எரிந்த விமானங்களையும் பற்றி மனம்விட்டுப் பேசினார். நாடே அறியத் துடித்த செய்தி அவர் கையில் இருந்தது. அதை அவர் ஒலிபரப்பவில்லை. அது நாகரிகமா, அதிகாரத்துக்கு மிக அருகே போய்விட்டதன் விளைவா என்பதை இன்றும் இருவிதமாகவும் வாதிடலாம். மர்ரோவுக்கே அது வெகுநாள் உறுத்தலாக இருந்ததென்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

போர்க்காலம் முழுவதும் மேலதிகாரிகள் தடுத்தும் குண்டுவீச்சு விமானங்களில் மீண்டும் மீண்டும் பறந்தார். 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் புகென்வால்ட் வதைமுகாமுக்குள் சென்றார். மூன்று நாள் அதைப்பற்றிப் பேச அவரால் இயலவில்லை. பேசியபோது தாம் கண்டதில் ஒரு பகுதியையே சொல்வதாகவும் மீதிக்குத் தம்மிடம் சொல்லில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

நாடு திரும்பியவரை நிறுவனம் துணைத் தலைவராக்கியது. அப்பதவியில் அவர் இருந்த காலம் குறுகியது; பெருமைக்குரியதன்று. ஷைரரின் நிகழ்ச்சிக்கு விளம்பரதாரர் விலகிக்கொண்டபோது நண்பர் மர்ரோவின் துணையை எதிர்பார்த்தார். மர்ரோ நிறுவனத்தின் பக்கம் நின்றார். 1947ஆம் ஆண்டு ஷைரர் வெளியேறினார். அந்நட்பு பின்னர் ஒட்டவேயில்லை. அதே ஆண்டு மர்ரோவும் நாற்காலியை விட்டு ஒலிவாங்கிக்குத் திரும்பினார்.

இதற்குள் தொலைக்காட்சி வந்துவிட்டது. படம் சொல்லைத் தின்றுவிடும் என்று மர்ரோ அஞ்சினார். தயாரிப்பாளர் பிரெட் பிரெண்ட்லியின் ஊக்கத்தால்தான் 1951ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் ‘சீ இட் நவ்’ என்னும் வாராந்தர நிகழ்ச்சியைத் தொடங்கினார். முதல் நாள் இரண்டு திரைகளில் அட்லாண்டிக் கரையும் பசிபிக் கரையும் ஒரே நேரத்தில் உயிரோடு தெரிந்தன. பொதுமக்களுக்கு நேரே பண்டம் விற்கும் தேவை மிகுதியாக இல்லாத ஓர் அலுமினிய நிறுவனம் விளம்பரதாரராக வாய்த்தது பெரும்பேறு.

நாட்டிலோ வேறொரு காற்று வீசிக்கொண்டிருந்தது. 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் விஸ்கான்சின் மாநிலச் செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி, மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் பேசும்போது, வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் நிறைந்திருப்பதாகவும் அவர்களின் பட்டியல் தம்மிடம் உள்ளதாகவும் அறிவித்தார். முதலில் 205 பேர் என்றார் என்பது செய்தி. பின் 57 என்றார். பின்னும் 81 என்றார். எண் மாறியது, பட்டியல் வெளிவரவே இல்லை. எனினும் நாளிதழ்கள் ஒவ்வோர் எண்ணையும் முதற்பக்கத்தில் அச்சிட்டன. இதன் சூட்சுமம் ஆராயத்தக்கது. செனட்டர் ஒருவர் சொன்னார் என்பதே செய்தி. சொன்னது மெய்யா என்று நோக்குவது செய்தியாளன் வேலையன்று என்னும் நடுநிலைக் கோட்பாடு அன்று வேரூன்றியிருந்தது. மெக்கார்த்தி அதை நன்கு படித்திருந்தார். மாலை இதழ்கள் அச்சேறும் நேரத்துக்குச் சற்று முன்னர்க் குற்றச்சாட்டை எறிவார்; சரிபார்க்க அவகாசம் இராது; மறுப்பு மறுநாள் உட்பக்கத்தில் ஒரு மூலையில் வரும். அவரை வளர்த்ததில் அவருடைய நண்பர்களான இதழ்களுக்கு எவ்வளவு பங்குண்டோ அவ்வளவு பங்கு அவரை வெறுத்த இதழ்களுக்கும் உண்டு.

அச்சம் ஒலிபரப்பு நிறுவனங்களுக்குள்ளும் நுழைந்தது. 1950ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரெட் சேனல்ஸ்’ என்னும் சிறுநூல் வானொலி, தொலைக்காட்சிக் கலைஞர்கள் 151 பேரைக் கம்யூனிஸ்டுச் சார்பினர் எனச் சுட்டியது. பலர் காரணம் சொல்லப்படாமலேயே வேலையிழந்தனர். சி.பி.எஸ். தன் ஊழியர்களிடம் பற்றுறுதிப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது. மர்ரோ கையெழுத்திட்டார், தயங்கியவர்களையும் இடச் சொன்னார். பின்னாளில் அவரைத் தனி வீரராகப் பாடியவர்கள் இந்த இடத்தை விரைந்து தாண்டிச் செல்வது வழக்கம்.

நான்காண்டுகள் அவர் மெக்கார்த்தியை நேருக்கு நேர் தொடவில்லை. கேலிச்சித்திரக்காரர் ஹெர்பர்ட் பிளாக் தீட்டியிருந்தார். பத்தி எழுத்தாளர் ட்ரூ பியர்சன் எழுதியிருந்தார். செனட் அவையில் மார்கரெட் சேஸ் ஸ்மித் என்னும் அம்மையார் 1950ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளே எழுந்து கண்டித்திருந்தார். மர்ரோ முதலில் தொட்டது பேர் தெரியாத ஓர் இளைஞரின் வழக்கை. மிச்சிகன் மாநிலத்து மாணவர், விமானப்படைச் சேமப்பிரிவு அதிகாரி மைலோ ராடுலோவிச். தந்தையும் உடன்பிறந்தாளும் ஐயத்துக்குரியவர்கள் என்பதால் பதவியிழக்க இருந்தவர். அவர் தந்தைமீதிருந்த குற்றங்களுள் ஒன்று, தாய்மொழியான செர்பிய மொழியில் இதழ் படித்தது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. அதற்கு நிறுவனம் விளம்பரம் தர மறுத்ததால் மர்ரோவும் பிரெண்ட்லியும் தம் சொந்தப் பணத்தில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் அறிவிப்பு வெளியிட்டனர். ஐந்து வாரங்களில் விமானப்படைச் செயலாளர் அதே நிகழ்ச்சியில் தோன்றி, அந்த இளைஞர் பதவியில் நீடிப்பார் என்றார்.

அவ்வெற்றியே அடுத்த அடிக்குத் துணிவு தந்தது. 1954ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள், செவ்வாய் இரவு பத்தரை மணி. விளம்பரச் செலவு மீண்டும் இருவருடையதே. நிகழ்ச்சியில் பெரும்பகுதி மெக்கார்த்தியின் சொந்தப் பேச்சும் சொந்தச் சிரிப்பும். பல மேடைகளில், பல விசாரணைகளில் அவர் பேசியவற்றைத் தேடியெடுத்து அடுக்கி, இடையிடையே உண்மை இன்னதென்று மர்ரோ ஓரிரு வாக்கியங்களில் சொன்னார். செனட்டர் ஒருமுறை ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்திலிருந்து காஷியஸ் பேசும் ஒரு வரியை எடுத்து எதிரியைக் குத்தியிருந்தார். அதே காஷியஸ் சில வரிகளுக்கு முன் சொல்வதைச் செனட்டர் பார்த்திருக்கலாம் என்று மர்ரோ நினைவூட்டினார். குற்றம் கோள்களிடமன்று, நம்மிடமே என்னும் கருத்துடைய இடம் அது. கணியன் பூங்குன்றனாரைப் படித்தவர்களுக்கு அக்கருத்து அயலானதன்று. மெக்கார்த்தி இந்த அச்சத்தைப் படைத்தவரல்லர், நாம் படைத்துவைத்த அச்சத்தைத் தமக்குப் பயன்படுத்திக்கொண்டவரே என்று மர்ரோ வழக்கை நாட்டு மக்களின்மேலேயே திருப்பிவிட்டு எழுந்தார்.

தந்திகளும் கடிதங்களும் வந்து குவிந்தன. பதினைந்துக்கு ஒன்று என்னும் விழுக்காட்டில் மர்ரோவின் பக்கம். அடுத்த வாரம், இராணுவத் தலைமையகத்தில் சிறு வேலை பார்த்துவந்த கருப்பினப் பெண்மணி ஆனி லீ மாஸ் விசாரிக்கப்பட்ட காட்சியைக் காட்டினர். மெக்கார்த்தி பாதியில் எழுந்து போய்விட, படக்கருவி அவருடைய வெற்று நாற்காலியின்மேல் தங்கிற்று. சொல்லொன்றும் தேவைப்படவில்லை. அப்பெண்மணியின் கட்சித் தொடர்பு குறித்துப் பின்னாளில் ஆவணங்கள் பேசப்பட்டதுண்டு. ஆயின் அந்த நிகழ்ச்சி எழுப்பிய கேள்வி, முகங்காட்டாத சாட்சியின் சொல்லை வைத்து ஒருவரைத் தண்டிக்கலாமா என்பது.

புகழ்ச்சிக்கு நடுவே கேட்ட ஒரு மறுகுரல் இன்று கூடுதலாகவே கவனிக்கத்தக்கது. மெக்கார்த்தியை வெறுத்த திறனாய்வாளர் கில்பர்ட் செல்டஸ் போன்றோரே இந்நிகழ்ச்சியின் முறையை ஐயுற்றனர். ஒரு மனிதனின் விகாரமான கணங்களை மட்டும் பொறுக்கிக் கோத்தால் யாரையும் அரக்கனாக்கலாமே. இன்று நல்லவர் கையில் உள்ள கத்தரி நாளை யார் கையிலிருக்கும்? மர்ரோ இதை அறியாதவரல்லர். விடையளிக்கச் சம நேரம் தருவதாக முன்னரே அறிவித்திருந்தார். ஏப்ரல் 6ஆம் நாள் மெக்கார்த்தி அந்நேரத்தைப் பயன்படுத்தி, பழைய மாஸ்கோக் கோடைப் பள்ளியை எடுத்து வீசினார். அந்த விடையே அவருக்குத் தீங்காய் முடிந்தது.

மெக்கார்த்தியை வீழ்த்தியவர் மர்ரோ என்பது பாதி உண்மை. அந்த மார்ச் 9ஆம் நாளே செனட்டர் ரால்ஃப் பிளாண்டர்ஸ் அவையில் அவரைச் சாடியிருந்தார். ஏப்ரல் 22ஆம் நாள் தொடங்கி ஜூன் 17ஆம் நாள் வரை இராணுவத்தோடு நடந்த விசாரணையை வேறிரு நிறுவனங்கள் முழுமையாக நேரே ஒளிபரப்பின. மக்கள் நாள்தோறும் தம் கண்ணால் அவரைக் கண்டனர். சி.பி.எஸ். அதை முழுமையாக ஒளிபரப்பவில்லை. பகல்நேர விளம்பர வருவாயை இழக்க அதற்கு மனமில்லை. டிசம்பர் 2ஆம் நாள் 67க்கு 22 என்னும் வாக்குகளால் செனட் அவை அவரைக் கண்டித்தது. இடையில் ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. மார்ச் 9ஆம் நாள் இரவு பதினொரு மணிச் செய்தியில் மர்ரோவைப் பாராட்டிய உடன்பணியாளர் டான் ஹாலன்பெக், அதன்பின் ஓர் இதழ்ப் பத்தியாளரின் இடைவிடாத தாக்குதலுக்கு ஆளானார். ஏற்கெனவே நலிந்திருந்த அவர் ஜூன் 22ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இத்தனையும் நடந்தபோது மர்ரோவுக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1953ஆம் ஆண்டு முதல் ‘பர்சன் டு பர்சன்’ என்னும் நிகழ்ச்சியில், தாம் நிலையத்தில் அமர்ந்து புகைத்தவாறே, பெயர் பெற்றோரின் வீட்டுக் கூடத்துக்குப் படக்கருவி வழியே விருந்து போவார். நடிகையர், விளையாட்டு வீரர், அரசியலார் எல்லாரும் வந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் புதிதாய் மணமுடித்த இளம் செனட்டர் ஜான் கென்னடியும் மனைவி ஜாக்குலினும் தோன்றினர். கொள்கையைக் கேட்காமல் வரவேற்பறையைக் காட்டும் அரசியலுக்கு அங்கே கதவு திறந்தது. திறந்த கைகளுள் மர்ரோவின் கையும் ஒன்று. ‘சீ இட் நவ்’ நிகழ்ச்சியைப் பார்த்தவர்களைவிட இதைப் பார்த்தவர்கள் மிகப் பலர். இதன் வருவாயும் செல்வாக்கும் அதைத் தாங்கின என்பது அவருடைய சமாதானம்.

1955ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் அவருடைய நிகழ்ச்சிக்கு முந்தைய அரைமணியில் ‘அறுபத்து நாலாயிரம் டாலர் கேள்வி’ என்னும் பரிசுப் போட்டி தொடங்கியது. கட்டுப்பாட்டறையில் அமர்ந்து அதைப் பார்த்த மர்ரோ, இனித் தமக்கு இந்த நேரம் எத்தனை நாள் நிலைக்கும் என்று பிரெண்ட்லியிடம் பந்தயம் கட்டும் தொனியில் கேட்டார். நிலைக்கவில்லை. அலுமினிய நிறுவனம் விலகியது. வாராந்தர நிகழ்ச்சி அவ்வப்போது வருவதாயிற்று. 1958ஆம் ஆண்டு ஜூலையில் நின்றது. எந்தச் செனட்டராலும் அசைக்க முடியாததைப் போட்டியின் விளம்பர விலை ஓசையின்றி அசைத்தது.

அவ்வாண்டு அக்டோபர் 15ஆம் நாள் சிகாகோவில் வானொலி, தொலைக்காட்சிச் செய்தி இயக்குநர்கள் முன் அவர் ஆற்றிய உரை தம் முதலாளிகள்மீதே தொடுத்த வழக்கு. நாட்டை உலகின் நிலையிலிருந்து மறைக்கும் கேளிக்கைத் திரையாகத் தொலைக்காட்சி மாறிவிட்டது என்றார். ஆண்டில் சில மாலைகளையேனும் பெரு நிறுவனங்கள் விளம்பரமின்றிப் பொதுக் கேள்விகளுக்கு ஒதுக்கலாமே என்று கேட்டார். கருவி கற்பிக்கும், ஒளியூட்டும். மனிதர் அதற்கெனத் துணிந்தாலொழிய அது வெறும் கம்பியும் விளக்கும் அடங்கிய பெட்டி என்பது உரையின் உச்சம். நிறுவனத் தலைவர் வில்லியம் பேலி அதை மன்னிக்கவில்லை.

1960ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், நன்றி நவிலும் திருநாள் விருந்துக்கு மறுநாள், நாட்டு மக்கள் வயிறாரத் தின்ற காய்கனிகளைப் பறிக்கும் நாடோடிக் கூலியாட்களின் வாழ்வைக் காட்டும் ‘ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்’ ஒளிபரப்பாயிற்று. அந்த நேரமே ஒரு கவிஞனின் தேர்வு. சி.பி.எஸ். நிறுவனத்தில் அவர் செய்தவற்றுள் கடைசிப் பெரும்பணி அது.

வரவேற்பறையில் விருந்தாளியாகச் சந்தித்த கென்னடி இப்போது குடியரசுத் தலைவர். 1961ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவைப்பற்றி உலகுக்குச் சொல்லும் அரசுத் தகவல் நிறுவனத்தின் தலைமையை மர்ரோவுக்குத் தந்தார். பெரும் ஊதியத்தை உதறிவிட்டுப் போன மர்ரோ இரண்டாம் மாதத்திலேயே இடறினார். ‘ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்’ படத்தை பி.பி.சி. ஒளிபரப்ப இருந்தது, அயலார் கண்ணில் அது நாட்டுக்கு இழிவாகும் என்று கருதி, அதை நிறுத்துமாறு தம் பழைய நண்பர்களையே வேண்டினார். தம் கையால் ஆக்கிய மெய்யைத் தம் வாயால் மறைக்கக் கேட்டார். பி.பி.சி. மறுத்துவிட்டது, படம் ஒளிபரப்பாயிற்று, செய்தியும் வெளியே கசிந்தது. அவர் அதைத் தம் பிழையென ஒப்புக்கொண்டதாகவே தெரிகிறது.

அதன்பின் அந்நிறுவனத்தில் அவர் மெய்க்கு இயன்றவரை இடம் தேடினார். தெற்கு மாநிலங்களில் கருப்பின மக்கள்மீது நாய்களை ஏவிய காட்சிகளையும் உலகிடமிருந்து மறைக்கலாகாது, நம்பப்பட வேண்டுமானால் உண்மையே சொல்ல வேண்டும் என்பது அவர் நாடாளுமன்றக் குழுவிடம் வாதிட்ட கருத்து. ஆனால் முடிவெடுக்கும் அறைக்குள் அவருக்கு இடமிருந்ததில்லை. 1961ஆம் ஆண்டு ஏப்ரலில் கியூபாமீது நடந்த படையெடுப்பு அவருக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. சினம் கொண்டார், பதவியில் நீடித்தார்.

நாளொன்றுக்கு அறுபது சிகரெட்டுக்கு மேல் புகைத்தவர் அவர். 1955ஆம் ஆண்டிலேயே சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி நிகழ்ச்சி நடத்தியவரும் அவர்தாம். 1963ஆம் ஆண்டு அக்டோபரில் இடது நுரையீரல் முழுவதும் அகற்றப்பட்டது. அடுத்த மாதம் கென்னடி கொல்லப்பட்டபோது நாடு நான்கு நாள் தொலைக்காட்சி முன்னர் அமர்ந்து அழுதது; அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுள் படுக்கையிலிருந்த மர்ரோவும் ஒருவர். மறு ஆண்டு ஜனவரியில் பதவி விலகினார். 1965ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், ஐம்பத்தேழு வயது நிறைந்த இரண்டாம் நாளில், நியூயார்க் மாநிலம் பாலிங் ஊரிலிருந்த தம் பண்ணை வீட்டில் காலமானார். சாம்பல் அப்பண்ணையிலேயே தூவப்பட்டது.

அப்போது சி.பி.எஸ். செய்திப் பிரிவின் தலைவராக இருந்தவர் பிரெண்ட்லி. 1966ஆம் ஆண்டு பிப்ரவரியில் வியட்நாம் போரைப் பற்றிச் செனட் குழுவின் முன் அறிஞர் ஜார்ஜ் கென்னன் சான்றளித்துக்கொண்டிருந்தார். பிரெண்ட்லி அதை நேரே ஒளிபரப்பக் கேட்டார். நிறுவனம் அந்நேரத்தில் ‘ஐ லவ் லூசி’ என்னும் பழைய நகைச்சுவைத் தொடரை மறு ஒளிபரப்புச் செய்தது. சில நாட்களில் அவர் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.